கதவில் ஏறிய கிலோமீட்டர்

அத்தியாயம் 9

சென்ற வாரம் டெய்லரை எந்த இடத்தில் விட்டோமோ, வியாழக்கிழமை காலையிலும் மனிதர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சமையலறைக் கதவுக்கு முன்னால். கதவில் சாக்பீஸால் எழுதியிருந்த ஓர் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. முப்பத்தொன்று.

அந்தக் கதவின் உள்பக்கத்தில் இரண்டு வரிசை எண்கள். இடதுபக்கம் டெய்லருடையது. வலதுபக்கம் அவருடைய மனைவியின் தம்பியுடையது. தம்பி பஸ் டிரைவர். தொண்டை அப்படி என்பதால் டிப்போவில் அவனுக்கு ஹாரன் என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பத்து வாரங்களுக்கு முன்னால், குளிர் தொடங்கிய நேரத்தில், இருவருக்கும் ஒரே வாரத்தில் டாக்டர்களிடம் டோஸ் விழுந்தது. டெய்லருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம். ஹாரனுக்கு எடையும் அழுத்தமும். டிப்போவில் நடந்த உடல் தகுதிப் பரிசோதனையில் அவன் தோற்றுப்போனான். மறுநாளே பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளையும் டிபன்பாக்ஸ்களையும் அடுக்கும் அறையில் அவனை உட்கார வைத்துவிட்டார்கள். மறு பரிசோதனை வருகிற திங்கட்கிழமை. அதிலும் தோற்றால் காலத்துக்கும் குடைதான்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சட்டம் போட்டது டெய்லரின் மனைவி. ஆஸ்பத்திரி சமையலறையில் எந்த நோயாளியின் தட்டில் எது எத்தனை கிராம் என்று முடிவு செய்பவள் அவள். அங்கே இருக்கும் தராசு மாதிரி வீட்டுக்கும் ஒன்று வந்தது. ரொட்டி இரண்டு துண்டு, காய்கறி சூப் ஒரு கிண்ணம், வெண்ணெய்க்கு டாட்டா. இரண்டு சைக்கிளும், இரண்டுக்கும் ஒவ்வொரு மீட்டரும் வாங்கினாள். சாயங்காலம் மீட்டரை அவளே பார்த்து அவளே கதவில் எழுதுவாள். வாய்க்கணக்கில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

முதல் இருபத்திரண்டு நாள் டெய்லர் நிஜமாகவே ஓட்டினார். இருபத்துமூன்றாம் நாளிலிருந்து ஓடியது தையல் மெஷின்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு காந்தம் மாட்டியிருக்கும். அதன் எதிரே ஒரு சின்னப் பெட்டி. காந்தம் பெட்டியை ஒரு தடவை கடந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றியதாகக் கணக்கு. டெய்லர் அந்தக் காந்தத்தைக் கழற்றி, காலால் மிதிக்கும் தன் பழைய மெஷினின் பெரிய இரும்புச் சக்கரத்தில் வைத்தார். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. பெட்டியை மெஷின் காலில் கட்டினார். பக்கத்தில் மீட்டரை வைத்தார். ஒரு மணி நேரம் பேண்ட் தைத்தால் பன்னிரண்டு கிலோமீட்டர். மிதிப்பதென்னவோ தன் கால்தானே என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

சென்ற வாரம் இதைப் படித்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

புதன்கிழமைதான் வசமாக மாட்டிக்கொண்டார். ஹோட்டல்காரருக்கு நாற்பது ஏப்ரன் அவசரம். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் காந்தத்தை எடுத்துவிடுபவர், தையல் மும்முரத்தில் அதை மறந்தே போனார். கடையை மூடும்போது எல்லாவற்றையும் அரக்கப்பரக்கச் சைக்கிளில் மாட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மீட்டரை அவர் பார்ப்பதற்குள் மனைவி பார்த்துவிட்டாள். ஆற்றோரச் சாலையில் காற்று நன்றாக இருந்தது, அப்படியே போய்விட்டேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். அவள் கதவில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, உடனே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

இவ்வளவுதான் முன்கதை. இனி வியாழக்கிழமை.

ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. டெய்லர் கதவிலிருந்து கண்ணைப் பிய்த்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். தட்டில் வழக்கமான இரண்டு ரொட்டித் துண்டு. கூடவே இரண்டு அவித்த முட்டை. சட்டப்படி ஒன்றுதான். அவர் நிமிர்ந்து மனைவியின் தட்டைப் பார்த்தார். அதில் முட்டை இல்லை.

நேற்று அவ்வளவு தூரம் ஓட்டியதற்கு உடம்புக்குத் தெம்பு வேண்டாமா என்றாள். தான் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஏதாவது பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தார். அவள் முட்டையின் மேல் மிளகைத் தூவிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கப்பா அம்பத்தஞ்சுல போனாரு. உங்களுக்கு இந்த வருஷம் அம்பத்தி நாலு. எனக்கு அந்த நெனப்பு வந்துட்டா தூக்கமே வராது. இப்பதான் ரெண்டு மாசமா நிம்மதியா தூங்கறேன்" என்றாள்.

டெய்லர் முட்டையை மென்றார். தண்ணீரைக் குடித்து இறக்கினார். இவள் முகத்தைப் பார்த்து இன்னும் எத்தனை நாள் சாப்பிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே தட்டைக் காலி செய்தார்.

கையுறை, மஃப்ளர், குல்லா எல்லாம் மாட்டி அவள்தான் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். டெய்லர் சைக்கிளில் ஏறி, தெரு முனை திரும்பும் வரை மிதித்தார். திரும்பியதும் இறங்கினார். அங்கிருந்து கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

ஏன் தள்ளுகிறார் என்பதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் நான் சொல்கிறேன். இருபத்துமூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூட சிக்னலில் பச்சை விழுந்ததும் வேகமாக ஏறி மிதித்தார். பேண்ட்டின் பின் தையல் இடுப்பிலிருந்து கீழே வரை டர்ரென்று விட்டுவிட்டது. அவரே தைத்த பேண்ட். பின்னால் காரில் பாங்க் மேனேஜர், பதினைந்து வருட வாடிக்கை. கண்ணாடியை இறக்கி, டெய்லர், உங்களுக்கு யார் தைக்கிறாங்க என்று கேட்டார். பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த தாய்மார்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். மஃப்ளரை இடுப்பில் சுற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி கடைக்கு வந்தார். அன்றிலிருந்து சைக்கிள் சீட்டைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு கூசும்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மீட்டரைக் கழற்றப் போனவர், கையை இழுத்துக்கொண்டார். போதும் என்று தோன்றியது. இரண்டு முட்டை செய்த வேலை அது. ஸ்போக்ஸிலிருந்து காந்தத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்று மீட்டரில் கடைக்கு வந்த தூரம் மட்டும் இருக்கட்டும், சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தார். தீர்மானித்த கையோடு பட்டன் டப்பாவைத் திறந்தார். பட்டன்களுக்கு அடியில் வெண்ணெய் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. அதையும் எடுத்துக் குப்பையில் போட்டார். அப்புறம் ஒன்றை மட்டும் எடுத்துத் தின்றார்.

சுவர் கொக்கியில் ஹாரனின் யூனிஃபார்ம் பேண்ட் தொங்கியது. செவ்வாய்க்கிழமை கொடுத்துவிட்டுப் போனான். இடுப்பு இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டும், திங்கட்கிழமை பரிசோதனைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகப் போகிறேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். போகும்போது, சைக்கிள் எடுப்பதற்கு முன்னால் அத்தான் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டான். டெய்லர் வாயில் அப்போது பிஸ்கட் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, ஒரு ஆப்பிள் போதும் மாப்ளே, வெறும் வயித்துல ஓட்டினாத்தான் கொழுப்பு கரையும் என்று எங்கோ கேட்டதை எடுத்துவிட்டார். அவன் அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளாத குறையாக மண்டையில் ஏற்றிக்கொண்டு போனான்.

டெய்லர் அந்தப் பேண்ட்டை மெஷினில் போட்டார். நிஜமாகக் கரைந்த இரண்டு அங்குலம். பழைய தையலைப் பிரித்து, புதுக் கோட்டில் சாக்பீஸ் போட்டார். என் பொய்யைத் துரத்தியாவது இவன் இளைத்தானே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அந்த நினைப்புக்கே அவருக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. மனைவி. குரலில் பதற்றம் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு அது பழகிப்போகும்.

"தம்பி சைக்கிள்லேருந்து விழுந்துட்டான். இங்கதான் கொண்டு வந்திருக்காங்க. பயப்படற மாதிரி இல்ல. ஆனா வாங்க."

இரண்டாவது மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தான் ஹாரன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. முழங்கை தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அக்கா ஏப்ரனோடு நின்று, கிண்ணத்திலிருந்து சூப்பைக் கரண்டியால் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். டெய்லரைப் பார்த்ததும் அவன் எழுந்து உட்காரப் பார்த்தான்.

மேட்டுச் சாலையில், பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, கண்ணை இருட்டிக்கொண்டு வந்து விழுந்திருக்கிறான். பங்க் ஆட்கள்தான் வண்டி பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். மணிக்கட்டில் மெல்லிய விரிசல், ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அக்கா கேட்டதற்கு, ஒரு ஆப்பிள் என்றானாம். அதற்காக அவனை அவள் ஏற்கெனவே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தாள்.

"இருபத்தாறு வந்துட்டேன் அத்தான். இன்னும் அஞ்சுதான் பாக்கி. நீங்க எப்படித்தான் அந்தக் குளிர்ல முப்பத்தொண்ணு ஓட்டுனீங்களோ தெரியல. எனக்கு இருபதுக்கு மேல காலே இல்ல" என்றான் ஹாரன்.

டெய்லர் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பனி பெய்யும் காலையில் யார் உன்னை ஓட்டச் சொன்னது என்று கேட்க வாய் வரவில்லை. கேட்க அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

இன்றைக்கு வாரவிடுமுறை, திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அத்தானை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன் என்றான். பத்து வாரமாக ஒரு நாள்கூட அவரை முந்த முடியவில்லையாம். ஐம்பத்து நான்கு வயசு மனிதர் முடிக்கிறார், நாற்பதில் என்னால் முடியாதா என்று ராத்திரி கதவை நினைத்துக்கொண்டே படுப்பானாம். இதையெல்லாம் அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

டிப்போ மேனேஜர் வருவதாக அவன் சொன்னபோதுதான் டெய்லருக்கு உண்மையான பயம் பிடித்தது. வேறு தேதி கேட்டு ஹாரன் போன் செய்திருக்கிறான். அந்தப் பக்கம் வரும்போது நேரில் பார்க்கிறேன் என்றாராம். அக்கா சூப் கிண்ணத்தை இறக்கி வைப்பதற்குள் அவர் வந்தே விட்டார். ஒல்லியான மனிதர். குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டு, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார்.

கேட்டு முடித்ததும் விதியைச் சொன்னார். நோயோ விபத்தோ என்றால் வேறு தேதி தரலாம். ஆள் தானாகப் போய் இழுத்துக்கொண்டது என்றால் தர முடியாது. குடை அறைக்கு நிரந்தரமாக எழுதிவிட வேண்டியதுதான்.

"நீயே சொல்லு. பட்டினியா, பனியில, முப்பது கிலோமீட்டர். பொறுப்புள்ளவன் செய்யற காரியமா இது? ஒன்ன நம்பி அறுபது பேர எப்படி ஏத்தி அனுப்பறது?" என்றார்.

ஹாரன் முகம் வாடிப்போனது. ஆனாலும் விடவில்லை. முடியாத காரியம் ஒன்றையும் நான் செய்யவில்லை, இதோ என் அத்தான், ஐம்பத்து நான்கு வயசு, நேற்று முப்பத்தொன்று ஓட்டிவிட்டு இன்று கடைக்கும் போயிருக்கிறார், அவரைப் பார்த்துத்தான் கிளம்பினேன் என்றான். கேட்டுப் பாருங்கள் என்று இடது கையால் காட்டினான்.

மேனேஜர் திரும்பினார். டெய்லரை மேலிருந்து கீழே பார்த்தார். அந்தப் பார்வை வயிற்றில் வந்து நின்றது. பார்வை நிற்பது நியாயம்தான். முப்பத்தொன்று கிலோமீட்டர் ஓட்டுகிறவரின் வயிறு அப்படி இருக்காது.

நீங்களா ஓட்டினீர்கள் என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். மனைவி நிம்மதியாகத் தூங்குவாள். மச்சானுக்கு அத்தான் மேல் உள்ள மதிப்பு அப்படியே இருக்கும். ஹாரன் மட்டும் அத்தானால் முடிந்ததைச் செய்யத் துப்பில்லாமல் விழுந்தவன் என்று காலமெல்லாம் குடை அடுக்கிக்கொண்டிருப்பான்.

"நான் ஓட்டல சார். தைச்சேன்" என்றார் டெய்லர்.

யாருக்கும் புரியவில்லை. அவர் சட்டைப் பையில் கைவிட்டுக் காந்தத்தை எடுத்தார். அதில் ஓர் ஊசியும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஊசியை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டு, காந்தத்தைக் கட்டில் கம்பிக்குக் கிட்டே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அப்புறம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இரும்புச் சக்கரம், மெஷின் கால், நாற்பது ஏப்ரன், எதையும் விடவில்லை. ஆப்பிள் யோசனை தன்னுடையது என்பதையும் சொன்னார். தனக்குப் பட்டன் டப்பாவில் பிஸ்கட் இருந்தது என்பதையும் சொன்னார். தரையைப் பார்த்தே பேசியதால், பேசப் பேச யார் முகம் எப்படி மாறியது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"அவன் விழுந்தது என்னாலதான். அவனுக்கு நீங்க வேற தேதி குடுக்கணும்" என்று முடித்தார்.

கரண்டியைக் கிண்ணத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. மனைவி, வார்டுக்குச் சாப்பாடு போகிற நேரமாகிவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னாள். டெய்லரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள். அவர் நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலி இருந்தால் எப்படி ஒதுங்கிப் போவாளோ அப்படிப் போனாள்.

ஹாரன் கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கியிருந்தான்.

மேனேஜர் ரொம்ப நேரம் கம்பியில் இருந்த காந்தத்தையே பார்த்தார். அவருக்கும் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியில், நீங்கள் இப்போது சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளைக் காலையில் என் மேஜையில் வையுங்கள் என்றார். மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன், வாக்கு எதுவும் கொடுக்க மாட்டேன் என்றார். அந்தக் காகிதம் டிப்போவில் நாலு பேர் கைமாறும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு டெய்லர் வீட்டுக்கு வந்தபோது, ஹாரனை அவன் வீட்டில் விட்டுவிட்டு மனைவி வந்திருந்தாள். அவன் வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் சமையலறையில் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுவரைக்கும் நெசம்?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு என்றார். அவள் துணியை அவரிடம் நீட்டினாள். டெய்லர் இருபத்துமூன்றாம் நாளிலிருந்து அழிக்கத் தொடங்கினார். பதின்மூன்று, பதினான்கு, பன்னிரண்டு, பதினைந்து. சில எண்களுக்குப் பக்கத்தில் அவள் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். அதையும் அழித்தார். முப்பத்தொன்றுக்குக் கீழே இருந்த இரண்டு கோடு அழுத்திப் போட்டவை, இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. முடிந்தபோது அவர் பக்கம் பாதிக் கதவு வெறுமையாக இருந்தது. ஹாரனின் வரிசை மட்டும் ஆறு, ஏழு, ஆறரை, எட்டு என்று தனியாக இறங்கிப் போனது.

அவள் ஏன் என்று கேட்டாள். அவர் பள்ளிக்கூட சிக்னலைச் சொன்னார். பாங்க் மேனேஜர் கேட்டதையும் சொன்னார்.

"பேண்ட் கிழிஞ்சத எங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டிருக்கீங்க. அன்னிக்கு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். ரெண்டு பேரும் சிரிச்சிட்டு மறந்திருப்போம்" என்றாள்.

துணியை வாங்கி அலசிப் பிழிந்து காயப்போட்டாள். இரவுக்குக் காய்கறி நறுக்க உட்கார்ந்தவள், அவர் பக்கம் திரும்பாமலே, தம்பியோட சைக்கிள் இன்னும் அந்தப் பெட்ரோல் பங்க்குலதான் கிடக்கு என்றாள்.

டெய்லர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

மேட்டுச் சாலைக்குப் பஸ்ஸில் போனார். டிரைவர் ஹாரனின் கூட்டாளி. ஹாரன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான். காகிதம் நாளைக்கு இவன் கைக்கும் வரும் என்று நினைத்தபோது டெய்லர் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பங்க்கில் காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கைப்பிடி கொஞ்சம் வளைந்திருந்தது, மற்றபடி ஓடும். மீட்டரில் அன்றைய கணக்கு அப்படியே இருந்தது. 26.4. டெய்லர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சுற்றும் அவன் மிதித்தது. வீட்டுக்கு இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். தான் ஏறி மிதித்தால் அந்த ஒன்பதும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அவன் எண்ணில் தன் எண் கலக்கக் கூடாது என்று தோன்றியது. குனிந்து ஸ்போக்ஸிலிருந்து காந்தத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏறும்போது கூசியது. ஏறினார்.

முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. குளிர் காதுக்குள் போய் வலித்தது. ஒன்றரை மாசமாக மெஷின் மட்டும் மிதித்த கால் சைக்கிளுக்கு உதவவில்லை. மேட்டில் இறங்கித் தள்ளலாமா என்று மூன்று தடவை நினைத்தார். தள்ளவில்லை. பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் பாம் பாம் என்று அடித்து, ஓரமாகப் போய்யா என்று திட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூட சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றார். பச்சை விழுந்ததும் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தார். இந்தத் தடவை தையல் தாங்கியது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் மூச்சுக்கே இடம் போதவில்லை.

ஆறரை மணிக்கு ஹாரனின் வீட்டு வாசலில் இறங்கினார். நான்கு படி ஏறி மணியை அடிப்பதற்குள் தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடியது.

ஹாரன் கதவைத் திறந்தான். கட்டுப் போட்ட கை நெஞ்சோடு தொங்கியது. டெய்லரைப் பார்த்தான். கீழே சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தான். படி இறங்கிப் போய், குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

"எதுல ஏத்திட்டு வந்தீங்க?" என்று கேட்டான்.

"ஓட்டிட்டு வந்தேன் மாப்ளே."

அவன் மறுபடியும் மீட்டரைப் பார்த்தான். 26.4. அவசரமாக டெய்லர் பையிலிருந்து காந்தத்தை எடுத்து நீட்டினார்.

"உன் கணக்குல என்னோடது சேரக் கூடாதுன்னு இத கழட்டி வச்சுட்டு ஓட்டினேன்."

ஹாரன் காந்தத்தை வாங்கிக்கொண்டான். இடது உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்தான்.

"காந்தம் கழட்டறதுல நீங்க கெட்டிக்காரர்தான் அத்தான்" என்றான்.

குரலை உயர்த்தவே இல்லை. படியேறி உள்ளே போனான். கதவை அடித்துச் சாத்தவும் இல்லை, மெதுவாகத்தான் சாத்தினான்.

டெய்லர் அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது கிலோமீட்டர். இந்தக் குளிர்காலத்தில் அவர் ஓட்டியதிலேயே கடினமான ஒன்பது. அதற்கு ஒரு சாட்சியும் இல்லை. நாளைக் காலையில் எழுதப்போகும் காகிதத்தில்கூட இதைச் சேர்க்க முடியாது. யார் நம்புவார்கள்?

உள்ளே போன் அடித்தது.

"சொல்லுங்க சார்" என்றான் ஹாரன்.

சார் என்று அவன் கூப்பிடுவது டிப்போ மேனேஜர் ஒருவரைத்தான். காகிதம் நாளைக்குத்தானே என்று டெய்லர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூடிய கதவுக்கு வெளியே, பனியில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தெருவுக்கே கேட்கும் அந்தத் தொண்டை உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் பெயர் அடிபடுகிறதா, திங்கட்கிழமை அடிபடுகிறதா என்று ஒரு சொல்கூட அவருக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு மெதுவாக அவனுக்குப் பேசத் தெரியும் என்பதே டெய்லருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.